மிளகுக் கொட்டகையில் நின்றுபோன நாடகம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். சர்க்கரை, முட்டிவலி, மருமகள். இன்றைக்கு அதையெல்லாம் ஓரமாக வையுங்கள். என் மகன் சுவர் அகலத்துக்கு ஒரு டிவி வாங்கி மாட்டியிருக்கிறான். அதில் எவ்வளவு பெரிய கூத்து நடந்தாலும் பத்து நிமிடத்தில் எனக்குக் கண் சொக்கிவிடுகிறது. ஆனால் கொல்லிமலையில், நான் பாவாடை கட்டித் திரிந்த ஒரு பங்குனி சித்திரையில், தும்மித் தும்மி நாடகம் பார்த்தேனே, அதை நினைத்தால் மட்டும் தூக்கம் போன இடம் தெரிவதில்லை. உங்களுக்கும் கொஞ்சம் தூக்கத்தைக் கெடுக்கிறேன், கேளுங்கள்.

கொட்டகை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். முள்ளுக்குறிச்சியிலிருந்து மலையேறி வந்து மிளகு வாங்கும் பாய் ஒருவர் இருந்தார். மிளகுக்கார பாய் என்றுதான் சொல்வோம். சந்தை கூடும் மேட்டில் அவருக்குத் தகரம் போட்ட கிடங்கு ஒன்று. தையும் மாசியும் அதில் மூட்டை அடுக்குவார்கள். கடைசி லாரி இறங்கிப் போனதும் கிடங்கு காலி. அந்த வருஷம் பாய்க்கு என்ன தோன்றியதோ, மூட்டை இறக்கிவிட்டுத் திரும்பி வந்த லாரியில் ஒரு நாடகக் கம்பெனியை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வாத்தியார், ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஒரு ஹார்மோனியப் பெட்டி, கிளி வரைந்த ஒரு திரைச்சீலை, எல்லாம் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்து சேர்ந்தன. திரைச்சீலை மட்டும்தான் வாந்தி எடுக்கவில்லை என்று பாய் சொல்வார்.

மலைக்குக் கீழே, கீழ்நாட்டில், நாடகம் விடிய விடிய நடக்கும். எங்களுக்கு அது சரிப்படாது. சந்தைக்கு வந்த சனம் இருட்டுவதற்குள் காடு தாண்டி ஊர் போய்ச் சேர வேண்டும். கரடிக்கு நாடகம் பார்க்கிறவர், பார்க்காதவர் என்ற வித்தியாசம் கிடையாது. அதனால் சந்தை நாளில், மதியச் சாப்பாடு முடிந்ததும் நாடகம். ராஜபார்ட்காரர் இதைக் கேட்டு நொந்துபோனாராம். பட்டப்பகலில் என் கிரீடம் அட்டை என்று பச்சைப்பிள்ளைகூடச் சொல்லிவிடுமே என்றாராம். சொல்லத்தான் செய்தோம்.

டிக்கெட் கிடையாது. வாசலில் ஒரு கூடை இருக்கும். ஆளுக்கு ஒரு பிடி சாமையோ, ஒரு மரவள்ளிக் குச்சிக்கிழங்கோ போட்டுவிட்டு உள்ளே போகலாம். கம்பெனிக்காரர்கள் அதைத்தான் ஆக்கித் தின்றார்கள். உள்ளே நுழைந்ததும் மூக்கு எரியும். வருஷக்கணக்காக மூட்டை மூட்டையாக மிளகு கிடந்த தரை. பபூன் ஒரு குதி குதித்தால் தூசி கிளம்பும், முன் வரிசை தும்மும், அது பின்னால் பரவி, கடைசி வரிசையில் போய் நிற்கும். முதல் வாரம் போர்க்களத்தில் செத்துக் கிடந்த தளபதி இரண்டு தரம் தும்மினார். "ஆயுசு நூறு!" என்று கூட்டம் மொத்தமும் கத்தியது. அரிதார வாசமும் தேங்காயெண்ணெய் வாசமும் மிளகுக் காரமும் சேர்ந்த அந்த மணத்துக்கு ஈடாக நான் இதுவரை எதையும் முகர்ந்ததில்லை.

சில நாள் நாடகத்தின் நடுவில் மூடுபனி வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். ராஜா மறைந்துபோவார். குரல் மட்டும் வரும். "ராசா, அங்கயே நில்லுங்க, பனி போவட்டும்" என்று யாராவது சொல்வார்கள். ராஜாவும் நிற்பார். நாங்கள் மடியில் கொண்டுவந்த கிழங்கை உப்பு மிளகாயில் தொட்டுத் தின்றுகொண்டு காத்திருப்போம். ரோஸ் நிறத்தில் அச்சடித்த நாடக நோட்டீஸ் ஒன்றை வெகுகாலம் வைத்திருந்தேன். கல்யாணமாகிப் போன வீட்டில் கரையான் தின்றுவிட்டது. கரையான் தின்றதற்காக அன்றைக்கு நான் அழுததைப் பார்த்து என் மாமியார் பயந்தே போய்விட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அந்த நாடகங்கள் வெறும் நாடகம் இல்லை. என் அம்மாவைப் பார்க்க எனக்கிருந்த ஒரே இடம் அந்தக் கொட்டகைதான்.

எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. எங்கள் வீடு திருப்புலி நாட்டில். அம்மா பிறந்தது குண்டூர் நாட்டில். அந்த மாசி மாதத்தில் அம்மா கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். காரணம் விதைச் சாமை. மலையில் விதைக்கென்று எடுத்து மூடிவைத்த பானையைக் கடவுள் மாதிரி பார்ப்பார்கள். பசித்தாலும் அதில் கை வைக்க மாட்டார்கள். எங்கள் வீட்டு விதைப்பானை ஒருநாள் காலியாக இருந்தது. அப்பாவின் அக்கா, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். "உம் பொண்டாட்டி அவ அண்ணன் ஊட்டுக்குக் குடுத்தனுப்புனதை நானே கண்ணால பாத்தேன்" என்றாள். அப்பா அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே, "வெதையத் தொட்டவ இந்த ஊட்டுல இருக்க வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். அம்மா என் தலையைப் பின்னிவிட்டு, சீப்பைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து போனாள்.

இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசித்தான் இதை முடிக்க வேண்டும். அதுவரை இரண்டு வீட்டாரும் முகம் கொடுத்துப் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளையாகிய நானும் அதில் அடக்கம். பெரியவர்களுக்கு முதலில் மிளகு எடுக்கிற வேலை, பிறகு கோவில் வேலை. வழக்கு தள்ளிக்கொண்டே போனது. ஒரு சின்னப் பெண்ணுக்கு அந்த நாள்கள் எப்படிப் போகும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

கொட்டகையில் திருப்புலி நாட்டார் இடப்பக்கம், குண்டூர் நாட்டார் வலப்பக்கம். யாரும் சொல்லி வைத்ததில்லை, அப்படித்தான் உட்காருவோம். நடுவில் நடைபாதை. முதல் சந்தை நாளிலேயே எதிர்ப்பக்கம் பெண்கள் கூட்டத்தில் அம்மாவின் பச்சைச் சேலையைக் கண்டுவிட்டேன். ராஜா யாரை வெட்டினார், யார் யாரைக் கட்டினார், ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் ஒரு தேக்கிலைப் பொட்டலம் கைமாறிக் கைமாறி நடைபாதையைத் தாண்டி வந்தது. கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் மேடையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கையை மட்டும் நீட்டினார்கள். இரண்டு நாடும் சேர்ந்து செய்த திருட்டு அது. பிரித்தால் சுட்ட பலாக்கொட்டை, இன்னும் சூடாக. "ஆரு குடுத்தா?" என்றாள் அத்தை. "தெரியலைங்க அத்தை" என்றேன். அத்தை முகர்ந்து பார்த்தாள், தானும் இரண்டு எடுத்துத் தின்றாள்.

அடுத்த வாரம் காதல் நாடகம். கடைசியில் நாயகனும் நாயகியும் மாலை மாற்ற வேண்டும். மாலையைத் தூக்கினார்கள். குண்டூர் நாட்டுப் பெரியவர் எழுந்துவிட்டார். வெள்ளை மீசை, தோளில் கம்பளி.

"ஏனுங்க, பொண்ணோட தாய்மாமன் எங்கீங்க?"

ராஜபார்ட்காரர் திகைத்தார். "தாய்மாமன் இந்தக் கதையில இல்லீங்களே."

"தாய்மாமன் இல்லாமக் கண்ணாலமா? அது செல்லாதுங்க."

எங்கள் பக்கத்திலிருந்தும், "செல்லாதுங்க, செல்லாதுங்க" என்று குரல் வந்தது. இரண்டு நாடும் ஒரே பேச்சுப் பேசி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். வாத்தியார் விவரமானவர். ஹார்மோனியக்காரரை எழுப்பி, தலையில் துண்டைக் கட்டி, நாயகிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அவர் மாலையை எடுத்துக் கொடுத்த பிறகுதான் பெரியவர் உட்கார்ந்தார். வாசிக்க ஆள் இல்லாமல் பாட்டே இல்லாத கல்யாணமாக அது முடிந்தது. ஆனால் முறையான கல்யாணம். சனம் திருப்தியாக வீட்டுக்குப் போனது.

அதற்குப் பிறகு கொட்டகையில் கூட்டம் தாங்கவில்லை. சாமை போடும் கூடை இரண்டாயிற்று. சந்தையில் கோழி விற்க வந்தவர்கள் கோழியோடு உள்ளே வந்தார்கள். சனத்துக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது: இந்த நாடகத்தில் நாமும் பேசலாம்.

அந்தச் சூட்டில்தான் ராணி நாடகம் வந்தது.

கதை இவ்வளவுதான். ராஜா போருக்குப் போய்விட்டுத் திரும்புகிறார். கஜானாவில் முத்துமாலையைக் காணோம். ராணி அதை எதிரி ராஜாவுக்கு அனுப்பிவிட்டாள் என்று மந்திரி கோள் சொல்கிறான். ராஜா எழுந்து, கையை நீட்டி, "காட்டுக்குத் துரத்துங்கள் இவளை!" என்று கர்ஜிக்கிறார். ராணி மயங்கி விழுகிறாள். கீழ்நாட்டில் இந்த இடத்தில் பெண்கள் மூக்கைச் சிந்தி அழுவார்களாம். வாத்தியார் அதை நம்பித்தான் மலைக்கும் கொண்டுவந்திருக்கிறார்.

ராஜா கர்ஜித்தார். நான் எதிர்ப்பக்கம் பார்த்தேன். அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அப்பா பக்கம் திரும்பினேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ராஜாவை நறுக்கென்று கடிக்க வேண்டும்போல் இருந்தது.

ராணி மயங்கி விழுவதற்கு முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தபோதே குண்டூர் நாட்டுப் பெரியவர் எழுந்தார்.

"ஏனுங்க ராசா, கொஞ்சம் நிறுத்துங்க. குத்தம் சொன்னவன் பேசிட்டான். கேட்ட நீங்க தீர்ப்பும் சொல்லிட்டீங்க. குத்தம் சொமக்கறவளை ஆரு கேட்டது?"

எங்கள் நாட்டுப் பெரியவரும் எழுந்துவிட்டார். "அவரு சொல்றது ஞாயந்தானுங்க. பொண்ணைக் கேக்காம எந்த ஊருல தீர்ப்பு சொல்லுவாங்க?"

வாத்தியார் திரைக்குப் பின்னாலிருந்து கையைக் கும்பிட்டபடி ஓடிவந்தார். "ஐயா, இது நாடகமுங்க."

"நாடகம்னா? அதுக்கு ஞாயம் வேண்டாமா?"

வாத்தியார் இடுப்பில் செருகியிருந்த நாடக நோட்டை எடுத்துப் புரட்டினார். "ராணிக்கு இந்த எடத்துல வசனமே இல்லீங்க. மயங்கி விழறதோட சரிங்க" என்றார்.

"வசனம் இல்லாட்டிப் போவுது, வாய் இருக்குதல்ல? பேசச் சொல்லுங்க."

ஸ்திரீபார்ட்காரர் ஒல்லியான மனிதர். மீசை மழித்த இடம் பச்சையாகத் தெரியும். அவர் பாவம், கூட்டத்தைப் பார்த்து, சொந்தக் குரலில், "நான் என்னங்க சொல்றது? மாலையை நான் எடுத்தேனா இல்லையான்னு எனக்கே தெரியாதுங்களே" என்றார். கொட்டகை குலுங்கச் சிரித்தது. நாடகம் எழுதியவர் அந்த விஷயத்தை எழுதவே இல்லை. ராணி துரத்தப்பட வேண்டும், அழ வேண்டும், அது போதும் என்று விட்டுவிட்டார்.

பெரியவர் சிரிக்கவில்லை. எங்கள் மலையில் குற்றம் சுமத்தப்பட்டவருக்குப் பேச வரவில்லை என்றால், அவர் பக்கத்து ஆள் ஒருவர் எழுந்து பேசலாம். "ராணிக்காகப் பேச ஆராச்சும் இருக்கீங்களா?" என்று அவர் கேட்டார்.

"நான் பேசறேனுங்க."

அம்மா எழுந்து நின்றாள்.

கோழிகூடச் சத்தம் போடவில்லை. அத்தை என் தொடையைப் பிடித்துக்கொண்டாள், நகம் பதிந்தது. அம்மா யாரையும் பார்க்கவில்லை. மேடையில் நின்ற ராணியை மட்டும் பார்த்துப் பேசினாள்.

"முத்துமாலையை நான் ஆருக்கும் தூக்கிக் குடுக்கலீங்க. மழை ஒழுகி, நனைஞ்சு, மொளை கட்டிப் போச்சு. பாதி பூசணம் புடிச்சிருச்சு. அதை வெதைச்சா ஒரு வருசக் காடு வீணாப் போயிருமுங்க. பொறந்த ஊட்டுல நல்ல வெதை இருந்துச்சு. மாத்தி எடுத்தாரலாம்னு அனுப்புனேன். மாத்துன வெதை இன்னும் எங்கண்ணன் ஊட்டுலதான் கெடக்குது."

முத்துமாலை எப்படி முளைக்கும் என்று யாரும் கேட்கவில்லை. ஸ்திரீபார்ட்காரர் மட்டும் நிம்மதியாகத் தலையாட்டி, "ஆமாங்க, அதான் நடந்துச்சு" என்றார்.

"ராசாகிட்ட அப்பவே சொல்லியிருக்கலாமே தாயி?" என்றார் பெரியவர்.

"கேக்கலீங்களே. நானா எடுத்துச் சொன்னா, கூரை மேயாம உட்டது ஆருன்னு நாலு பேரு கேப்பாங்க. அவருக்குத் தலைக்குனிவு. கேட்டிருந்தா அவரு காதுல மட்டும் சொல்லியிருப்பேன்."

பெரியவர் மேடைப் பக்கம் திரும்பினார். "ராசா, ஏன் கேக்கலை?"

ராஜபார்ட்காரர் நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. அவர் வாத்தியாரைப் பார்த்தார், வாத்தியார் கிளித் திரையைப் பார்த்தார். "எனக்கும் வசனம் இல்லீங்க" என்றார் ராஜா. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

என் பக்கத்தில் ஏதோ அசைந்தது. அப்பா எழுந்துகொண்டிருந்தார். "உக்காரு தம்பி, ஊரு பாக்குது" என்று அத்தை அவர் துண்டைப் பிடித்து இழுத்தாள். துண்டு அவள் கையோடு வந்துவிட்டது. அப்பா வெறும் தோளோடு நின்றார். வீட்டில் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம் என்கிற மனிதர்.

"ராசாவுக்குத் தெரியுமுங்க" என்றார். "கூரை ஒழுகுனது தெரியும். பானை நனைஞ்சதும் தெரியும். மேயறேன் மேயறேன்னு தள்ளிப் போட்டது ராசாதான். கேட்டா அந்தப் பேச்சு வெளிய வந்துருமேன்னுதான் கேக்கலீங்க."

எனக்குக் கோபமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. இத்தனை நாளும் இவருக்குத் தெரிந்திருக்கிறதே என்று கோபம். வாயைத் திறந்துவிட்டாரே என்று சந்தோஷம். இப்போது நினைத்துப் பார்த்தால் மூன்று பேர் மேலும் எனக்கு இரக்கம்தான் வருகிறது. அப்பா பேசாமல் இருப்பதுதான் கௌரவம் என்று நினைத்தார். அம்மா மறைப்பதுதான் மரியாதை என்று நினைத்தாள். அத்தை புருஷன் இல்லாதவள், தம்பி வீட்டில் தன் இடம் போய்விடுமோ என்று பயந்தாள். அன்றைக்கு யாராவது ஒருவர் வாயைத் திறந்திருந்தால் ஒரு பானைச் சாமையோடு முடிந்திருக்கும். சரி, அப்படி முடிந்திருந்தால் நான் அந்த நாடகத்தைப் பார்த்திருக்க மாட்டேன்.

பெரியவர்கள் இருவரும் நடைபாதையில் வந்து நின்று மெல்லப் பேசிக்கொண்டார்கள். பிறகு குண்டூர் நாட்டுப் பெரியவர் அம்மாவைக் கேட்டார். "ராணி திரும்பிப் போறாளா தாயி?"

அம்மா இப்போதுதான் அப்பாவைப் பார்த்தாள்.

"ராசா கூரையை மேயட்டுமுங்க. ஒழுகாத ஊடுன்னா வாரேன்."

கொட்டகை என்ன சத்தம் போட்டது தெரியுமா? தகரம் அதிர்ந்தது. மிளகுத் தூசி கிளம்பி இரண்டு நாடும் சேர்ந்து தும்மியது. அழுதவர்கள் எல்லாம் மிளகின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ராணி கடைசி வரை மயங்கி விழவில்லை. ராஜா கிரீடத்தைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு, "அப்ப நாடகம் முடிஞ்சுதுங்களா?" என்று வாத்தியாரைக் கேட்டார். பொழுது சாயத் தொடங்கியிருந்தது, எல்லோரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். மந்திரியாக நடித்தவரை மட்டும் வழிநெடுகத் திட்டிக்கொண்டே போனார்கள்.

கோடை மழை எப்போது வேண்டுமானாலும் வரலாம். மறுநாள் விடிந்ததிலிருந்து அப்பா கூரைமேல்தான். கூரைப்புல்லை எங்கள் ஊர்க்காரர்கள் அறுத்துக் கட்டித் தந்தார்கள். அத்தை பழைய கூரையின் மட்கிய புல்லைச் சுமந்து சுமந்து கொட்டினாள். நாடகக் கம்பெனியும் சும்மா இருக்க முடியாமல் வந்துவிட்டது. ராஜபார்ட்காரர் நல்ல உயரம். கீழே நின்றபடியே புல்லுக்கட்டை மேலே வீசினார். நான் கயிறு எடுத்துக் கொடுக்கிறேன் பேர்வழி என்று எல்லோர் காலிலும் சிக்கிக்கொண்டிருந்தேன். அந்த மாதிரி ஒரு திருவிழா எங்கள் வாசலில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அடுத்த சந்தைக்கு முந்தின நாள் காலையில் அம்மா வந்தாள். அவள் அண்ணன் தோளில் மாற்றிய விதை மூட்டை. நான் ஓடினேன். "இரு சாமி" என்று கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டாள். அப்பாவைப் பார்த்து, "ரெண்டு கொடம் தண்ணி எடுத்து மேல ஏறி ஊத்துங்க" என்றாள். அப்பா குடத்தோடு ஏணியில் ஏறினார். அம்மா உள்ளே போய், விதைப்பானை இருந்த இடத்தில் நின்று, உள்ளங்கையை விரித்து நீட்டினாள். மேலே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. ஒரு குடம். இன்னொரு குடம். வாசல் பக்கம் இறவாரத்தில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா அசையாமல் நின்றாள். அத்தை கதவோரத்தில் நின்று அந்தக் கையையே பார்த்தாள். நானும் பார்த்தேன்.

ஒரு சொட்டு விழவில்லை.

"ம்" என்றாள் அம்மா. காய்ந்த அந்தக் கையை என் தலையில் வைத்து, என் சடையைத் தூக்கிப் பார்த்து, "இதென்ன கண்ணு, இத்தன நாளும் ஆரும் தலை பின்னியுடலையா?" என்று கேட்டுவிட்டு, அப்போதுதான் அழுதாள்.